அசல் வேறு, வட்டி வேறு: ரீட், இன்விட் யூனிட்டுகளில் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டாமல் இருப்பது எப்படி?

போனில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. 'உங்கள் கணக்கில் ரூ. 2,400 வரவு' என்று இருக்கிறது. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் ரீட் அல்லது இன்விட் யூனிட்டுக்கான பங்கீட்டுத் தொகை அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இப்படி வருவதைப் பார்த்து, 'டிவிடெண்ட் வந்துடுச்சு' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நான்கு வரவையும் கூட்டி, மொத்தத்தையும் வருமானம் என்று போட்டுவிடுகிறோம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ரூ. 2,400-இல் வட்டி, டிவிடெண்ட் ஆகியவற்றோடு, நீங்கள் போட்ட முதலின் ஒரு பகுதியும் திரும்பி வந்திருக்கலாம். எல்லாவற்றையும் வருமானமாகக் காட்டிவிட்டு, யூனிட்டை விற்கும்போது முழு லாபத்துக்கும் மறுபடி வரி கட்டினால், ஒரே பணம் இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். இரண்டு இடத்திலும் காட்டாமல் விட்டால் பின்னால் நோட்டீஸ் வரலாம். இரண்டுமே வேண்டாம் என்பவர்களுக்கான பாடம் இது.

முதலில், இவை என்ன?

ரீட் என்பது அலுவலக வளாகம், வணிக வளாகம் போன்ற கட்டடங்களில் பலர் சேர்ந்து முதலீடு செய்யும் அறக்கட்டளை அமைப்பு. நெடுஞ்சாலை, மின்கடத்திப் பாதை போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களில் முதலீடு செய்வது இன்விட். இரண்டுக்கும் செபி 2014-இல் விதிமுறைகள் வகுத்தது. நாட்டின் முதல் ரீட், எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் ரீட், 2019 ஏப்ரலில் பங்குச் சந்தையில் பட்டியலானது. சென்னை போரூரில் உள்ள கமர்ஜோன் வளாகம் மைண்ட்ஸ்பேஸ் ரீட்டிடம் இருக்கிறது. பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையில் உள்ள ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோன் வளாகம் எம்பசி ரீட்டிடம் இருக்கிறது.

ஆரம்பத்தில் இதில் நுழைய பெரிய தொகை தேவைப்பட்டது. 2021-இல் செபி விதிகளைத் தளர்த்தி, ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம் என்று ஆக்கியது. அதன் பிறகு மொபைல் ஆப் வழியாகச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்குவோரும் உள்ளே வந்தார்கள். பங்கு வாங்குவது போலவே இதை வாங்கலாம், ஆனால் வரிக் கணக்கு பங்கு போல இல்லை.

ஏன் பங்கு போல இல்லை?

பங்கு நிறுவனம் லாபத்துக்கு வரி கட்டிவிட்டு மீதியில் டிவிடெண்ட் தரும். ரீட்டும் இன்விட்டும் வாய்க்கால் மாதிரி. கையில் மிஞ்சும் பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது செபி விதி. வட்டியாக அறக்கட்டளைக்கு வந்தது வட்டியாகவே உங்களிடம் வரும். டிவிடெண்டாக வந்தது டிவிடெண்டாகவே வரும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115யுஏ பிரிவு இதைத்தான் சொல்கிறது.

அதனால் ஒரே வரவுக்குள் நான்கு வகைப் பணம் இருக்கலாம்.

1. வட்டி: இது உங்கள் வருமானம். உங்கள் வரி அடுக்கின்படி வரி உண்டு. உள்நாட்டில் வசிப்போருக்கு 194எல்பிஏ பிரிவின்படி 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டுத்தான் வரும். ரீட் தன் பெயரிலேயே நேரடியாக வைத்திருக்கும் கட்டடத்தின் வாடகை உங்களுக்கு வந்தால், அதற்கும் இதே போல வரியும் டிடிஎஸ்ஸும் உண்டு.

2. டிவிடெண்ட்: கட்டடத்தையோ சாலையையோ வைத்திருக்கும் திட்ட நிறுவனம், 115பிஏஏ பிரிவின் குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் இந்த டிவிடெண்டுக்கு உங்கள் கையில் வரி இல்லை. தேர்ந்தெடுத்திருந்தால் வரியும் உண்டு, 10 சதவீதம் டிடிஎஸ்ஸும் உண்டு. எது எவ்வளவு என்பதை அறக்கட்டளையே பிரித்துச் சொல்லும்.

3. கடன் அசல் திரும்புதல்: இரட்டைக் கணக்கு பெரும்பாலும் நடப்பது இதில்தான். கீழே விரிவாகப் பார்ப்போம்.

4. மற்றவை: அறக்கட்டளை தன் பணத்தை வங்கியில் வைத்து ஈட்டியது போன்ற வரவுகள். இதற்கு அறக்கட்டளையே வரி கட்டிவிடுவதால் உங்களுக்கு மறுபடி வரி இல்லை.

அசல் திரும்பினால் அது வருமானமா?

பக்கத்து வீட்டுக்காரருக்கு ரூ. 1 லட்சம் கடன் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அவர் ரூ. 1,000 வட்டியும், அசலில் ரூ. 5,000-மும் சேர்த்து ரூ. 6,000 தருகிறார். உங்கள் வருமானம் ரூ. 1,000 மட்டும்தான். மீதி உங்கள் பணமே உங்களிடம் திரும்பியது. அசல் வேறு, வட்டி வேறு என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

ரீட்டிலும் இதுதான் நடக்கிறது. அறக்கட்டளை, யூனிட்தாரர்களிடம் திரட்டிய பணத்தைத் திட்ட நிறுவனத்துக்குக் கடனாகத் தருகிறது. திட்ட நிறுவனம் வட்டியையும் அசலையும் திருப்புகிறது. அந்த அசலை அறக்கட்டளை உங்களுக்குப் பிரித்துத் தருகிறது.

இந்தத் தொகைக்கு என்ன வரி என்பதில் முன்பு தெளிவு இல்லை. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது.

விதி ஒன்று: திரும்பி வந்த அசலை உங்கள் கொள்முதல் விலையிலிருந்து கழிக்க வேண்டும். வரும்போது வரி இல்லை. ஆனால் விற்கும்போது கொள்முதல் விலை அந்த அளவுக்குக் குறைந்திருக்கும், மூலதன ஆதாயம் அந்த அளவுக்குக் கூடியிருக்கும்.

விதி இரண்டு: ஒரு யூனிட்டுக்கு இதுவரை திரும்பிய மொத்த அசல், அந்த யூனிட்டை அறக்கட்டளை முதன்முதலில் வெளியிட்ட விலையைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் அந்த ஆண்டின் வருமானம். இதில் கவனிக்க வேண்டியது, உங்களுக்கு முன் அந்த யூனிட்டை வைத்திருந்தவருக்குக் கொடுத்த அசலும் இந்த மொத்தத்தில் சேரும். ரூ. 275-க்கு வெளியிட்ட யூனிட்டில் இதுவரை ரூ. 40 திரும்பியிருந்தால் வரம்பு வெகு தூரத்தில் இருக்கிறது, கவலை வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், அசலாக வந்த ஒவ்வொரு ரூபாயும் ஒரே ஒரு இடத்தில்தான் உட்கார வேண்டும். ஒன்று, கொள்முதல் விலையைக் குறைக்கும். இல்லையென்றால், வரம்பு தாண்டியதால் வருமானமாகும். இரண்டையும் ஒரே ரூபாய்க்குச் செய்யக் கூடாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இந்த எண்கள் பாடத்துக்காக வைத்துக்கொண்டவை. 2024 ஜூனில் ஒரு ரீட்டின் 500 யூனிட்டை, யூனிட் ரூ. 300 வீதம் ரூ. 1,50,000-க்கு வாங்கினீர்கள். 2025 டிசம்பரில் யூனிட் ரூ. 340 வீதம் ரூ. 1,70,000-க்கு விற்றீர்கள். புரோக்கர் கட்டணத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இந்த ரீட்டில் டிவிடெண்டுக்கு வரி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

2024-25 நிதியாண்டில் வந்தது:
- வட்டி ரூ. 4,000
- டிவிடெண்ட் ரூ. 3,000
- அசல் ரூ. 3,000
- மொத்தம் ரூ. 10,000. டிடிஎஸ் ரூ. 400 போக வங்கியில் விழுந்தது ரூ. 9,600.

2025-26 நிதியாண்டில் விற்பதற்கு முன் வந்தது:
- வட்டி ரூ. 3,000
- டிவிடெண்ட் ரூ. 2,500
- அசல் ரூ. 2,000
- மொத்தம் ரூ. 7,500. டிடிஎஸ் ரூ. 300 போக வங்கியில் விழுந்தது ரூ. 7,200.

இரண்டு ஆண்டிலும் திரும்பிய அசல் ரூ. 5,000. ஆகவே உங்கள் கொள்முதல் விலை ரூ. 1,45,000 ஆகிறது. மூலதன ஆதாயம் ரூ. 1,70,000 கழித்தல் ரூ. 1,45,000, அதாவது ரூ. 25,000.

இப்போது சரிபார்ப்போம். உங்கள் கையிலிருந்து போனது ரூ. 1,50,000. கைக்கு வந்தது, டிடிஎஸ் பிடிப்பதற்கு முந்தைய கணக்கில், பங்கீடு ரூ. 17,500, விற்பனை ரூ. 1,70,000, ஆக ரூ. 1,87,500. உண்மையான மொத்த லாபம் ரூ. 37,500.

நாம் கணக்கில் காட்டியது: வட்டி ரூ. 7,000, வரியில்லா டிவிடெண்ட் ரூ. 5,500, மூலதன ஆதாயம் ரூ. 25,000. கூட்டினால் ரூ. 37,500. சரியாகப் பொருந்துகிறது.

இதே கணக்கு தப்பினால் எப்படி இருக்கும்?

- இரண்டு முறை எண்ணியது: வந்த ரூ. 17,500 முழுவதையும் வருமானம் என்று காட்டி, விற்கும்போது ரூ. 25,000 ஆதாயமும் காட்டினால் மொத்தம் ரூ. 42,500. இல்லாத ரூ. 5,000 லாபத்தைக் கணக்கில் ஏற்றியிருக்கிறீர்கள்.
- ஒரு முறைகூட எண்ணாதது: அசலை விட்டுவிட்டு, கொள்முதல் விலையையும் ரூ. 1,50,000 என்றே வைத்தால் ஆதாயம் ரூ. 20,000 ஆகும். மொத்தம் ரூ. 32,500. இப்போது ரூ. 5,000 மறைந்துவிட்டது. இது துறையின் கேள்விக்கு உள்ளாகும் தவறு.

யூனிட்டை முழுதாக விற்ற பிறகு இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். கையில் வந்தது கழித்தல் கையிலிருந்து போனது, நீங்கள் எல்லா ஆண்டுகளிலும் காட்டிய தொகைகளின் கூட்டலோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு தொகை இரண்டு முறை வந்திருக்கிறது, அல்லது விடுபட்டிருக்கிறது.

இதனால் எவ்வளவு நஷ்டம்?

சந்தையில் பட்டியலான யூனிட்டை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் இந்தக் கால அளவு நடைமுறையில் இருக்கிறது; அதற்கு முன் 36 மாதமாக இருந்தது. பங்கு, பங்கு சார்ந்த நிதி ஆகியவற்றின் நீண்டகால ஆதாயத்தோடு சேர்த்து ஆண்டுக்கு ரூ. 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதத்துக்குள் விற்றால் 20 சதவீதம், இந்த ரூ. 1.25 லட்சம் சலுகை அதற்குக் கிடையாது.

மேலே சொன்ன உதாரணத்தில் வேறு ஆதாயம் இல்லையென்றால், ரூ. 25,000-க்கு வரியே வராது. ஆனால் அசல் ரூ. 5,000-ஐயும் வரியில்லா டிவிடெண்ட் ரூ. 5,500-ஐயும் சாதாரண வருமானமாகக் காட்டியவர், 20 சதவீத அடுக்கில் இருந்தால், செஸ்ஸும் சேர்த்து ரூ. 2,184 வீணாகக் கட்டுவார். 500 யூனிட்டுக்கே இந்தக் கணக்கு. ஓய்வுக்காலப் பணத்தில் பெரிய தொகையைப் போட்டு, மூன்று மாத வரவை நம்பி இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

போனிலேயே செய்ய வேண்டியது: ஆறு படிகள்

படி 1. படிவம் 64பி-யைத் தேடுங்கள். எந்த வகையில் எவ்வளவு வந்தது என்று பிரித்துக் காட்டும் ஆவணம் இது. நிதியாண்டு முடிந்த பின் ஜூன் மாத இறுதிக்குள் அறக்கட்டளை இதை உங்களுக்குத் தர வேண்டும். டீமேட் கணக்கில் பதிவான மின்னஞ்சலுக்கு வரும். ஸ்பேம் பகுதியையும் பாருங்கள். ஒவ்வொரு பங்கீட்டின்போதும் வரும் அறிவிப்புக் கடிதங்களையும் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

படி 2. ஏஐஎஸ் ஆப்பைத் திறங்கள். வருமான வரித் துறையின் 'ஏஐஎஸ் ஃபார் டாக்ஸ்பேயர்' ஆப் இலவசம். பான் எண் கொடுத்து, ஓடிபி மூலம் பதிவு செய்து உள்ளே போகலாம். வட்டியும் டிடிஎஸ்ஸும் 64பி-யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டிடிஎஸ் பிடிக்காத அசல் தொகை இதில் தெரியாமல் போகலாம். ஆப்பில் இல்லை என்பதால் கணக்கில் இல்லை என்று ஆகிவிடாது.

படி 3. ஒரே தொகை இரண்டு இடத்தில் வந்திருந்தால் சொல்லுங்கள். ஏஐஎஸ்-இல் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னூட்டம் தரும் வசதி இருக்கிறது. 'இது வேறொரு பதிவில் ஏற்கெனவே உள்ளது' என்ற பொருளுடைய வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அனுப்பிய பின் வரும் ஒப்புகையைச் சேமித்து வையுங்கள்.

படி 4. சரியான படிவத்தை எடுங்கள். ரீட், இன்விட் வருமானத்துக்கு 'ஷெட்யூல் பிடிஐ' என்ற பகுதி வேண்டும். இது ஐடிஆர்-1-இல் கிடையாது. சம்பளம், ஓய்வூதியம் பெறுவோர் ஐடிஆர்-2 எடுக்க வேண்டும். தொழில், வியாபார வருமானம் உள்ளவர்களுக்கு ஐடிஆர்-3.

படி 5. வட்டியை ஒரே இடத்தில் எழுதுங்கள். ஷெட்யூல் பிடிஐ-இல் அறக்கட்டளையின் பெயர், பான், வருமான வகை, தொகை ஆகியவற்றைக் கொடுத்தால், அந்தத் தொகை 'இதர வருமானம்' பகுதிக்குப் போய்ச் சேரும். அதையே இதர வருமானத்தில் வட்டி என்று நீங்கள் தனியாகவும் எழுதினால் இரட்டிப்பு. முன்கூட்டியே நிரப்பப்பட்ட தகவலில் அந்தத் தொகை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிடிஎஸ் பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையை எழுதுங்கள். உதாரணத்தில் 2025-26-க்கு ரூ. 3,000 வட்டி, ரூ. 300 டிடிஎஸ். ரூ. 2,700 என்று எழுதக் கூடாது.

படி 6. விற்றதை மூலதன ஆதாயப் பகுதியில் காட்டுங்கள். நீங்கள் யூனிட்டை விற்ற லாபத்துக்கும் ஷெட்யூல் பிடிஐ-க்கும் சம்பந்தமில்லை. கொள்முதல் விலைக் கட்டத்தில், அசலைக் கழித்த பிறகு வரும் விலையைப் போடுங்கள். புரோக்கர் தரும் ஆதாய அறிக்கையில் நீங்கள் வாங்கிய பழைய விலையே இருக்கலாம். அப்படியே நகல் எடுக்காமல் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆதாயத்துக்கு வரி வராவிட்டாலும் விற்பனையைக் காட்டியே ஆக வேண்டும்.

தாக்கல் செய்த பிறகு 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பு செய்ய மறக்காதீர்கள். அது இல்லாமல் தாக்கல் முழுமையாகாது.

அடிக்கடி எழும் கேள்விகள்

மார்ச் காலாண்டுக்கான பங்கீடு மே மாதம் வந்தது. எந்த ஆண்டில் காட்டுவது?
அறிவிப்பும் பணமும் ஏப்ரலுக்குப் பிறகு வந்திருந்தால் அது அடுத்த நிதியாண்டின் வரவு. 64பி-யும் டிடிஎஸ்ஸும் எந்த ஆண்டைக் காட்டுகின்றனவோ அந்த ஆண்டில் காட்டுங்கள். இரண்டு ஆண்டிலும் காட்டிவிடாதீர்கள்.

மூன்று தவணையாக வாங்கினேன். எல்லா யூனிட்டுக்கும் ஒரே மாதிரி கழிக்கலாமா?
கூடாது. ஒவ்வொரு தவணைக்கும், அது உங்கள் கையில் வந்த பிறகு கிடைத்த அசலை மட்டுமே கழிக்க வேண்டும். டீமேட் கணக்கில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கு. அதனால் தவணைவாரியாக எழுதி வையுங்கள்.

அப்பா காலமான பிறகு அவருடைய யூனிட்டுகள் என் பெயருக்கு மாறின. என் கொள்முதல் விலை என்ன?
அப்பா வாங்கிய விலைதான். அவர் கையில் இருந்தபோது திரும்பிய அசலையும், உங்களுக்கு வந்த அசலையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். அன்பளிப்பாக வந்த யூனிட்டுக்கும் இதேதான். அவருடைய பழைய 64பி படிவங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போன ஆண்டு மொத்தத்தையும் வருமானமாகக் காட்டிவிட்டேன். திருத்த முடியுமா?
திருத்திய கணக்குக்கான காலக்கெடு முடியவில்லை என்றால் திருத்தலாம். 'புதுப்பித்த கணக்கு' எனப்படும் ஐடிஆர்-யு வழியாக வரியைக் குறைக்கவோ ரீஃபண்ட் கேட்கவோ முடியாது. ஆகவே தவறு தெரிந்தவுடன் செய்வதே நல்லது.

என் வருமானம் வரி வரம்புக்குக் கீழே. பிடித்த டிடிஎஸ் போனது போனதுதானா?
இல்லை. கணக்கு தாக்கல் செய்தால் ரீஃபண்டாகத் திரும்பும். ரீஃபண்டைக் காட்டி வரும் போலி லிங்க்கையும் ஏபிகே ஃபைலையும் மட்டும் திறக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

புதிய சட்டம் வந்த பிறகு?
2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. இங்கே சொன்ன பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2025-26 நிதியாண்டு வரைக்குமானவை. அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு அந்தந்த ஆண்டின் படிவ வழிகாட்டியைப் பாருங்கள்.

கையோடு வைத்துக்கொள்ள ஒரு குறிப்பேடு

போனில் உள்ள நோட்ஸ் ஆப்போ, வீட்டுக் கணக்கு நோட்டோ போதும். ஒவ்வொரு வரவுக்கும் ஏழு விவரம்: தேதி, யூனிட் எண்ணிக்கை, வட்டி, டிவிடெண்ட், அசல், டிடிஎஸ், வங்கியில் விழுந்த தொகை. இவற்றோடு 'இதுவரை திரும்பிய அசல்' என்று ஒரு வரி. பங்கீடு வந்த அன்றே எழுதினால் ஐந்து நிமிட வேலை. நான்கு வருடம் கழித்து விற்கும் நாளில் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினால் ஒரு வாரம் ஆகும்.

யூனிட் எண்ணிக்கை அதிகம் இருந்தாலோ, வெளியீட்டு விலை வரம்பை நெருங்கினாலோ, ஒரு பட்டயக் கணக்காளரிடம் காட்டிவிடுங்கள். அவரிடம் போகும்போது வங்கி அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் 64பி-யையும் இந்தக் குறிப்பேட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.